எந்த மருந்துக்கும் சாகாத கோஸ் புழு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒன்றரை ஏக்கரில் கோஸ் வைத்திருக்கிறேன். நட்ட நாற்பது நாளில் ஏழு முறை மருந்து அடித்துவிட்டேன். மூன்று கம்பெனி மருந்து மாற்றிப் பார்த்தேன். முதல் இரண்டு முறை கொஞ்சம் கேட்டது. பிறகு கேட்கவே இல்லை. புழு மருந்துக்குப் பழகிவிட்டது, அளவைக் கூட்டி அடியுங்கள் என்கிறார் கடைக்காரர். காலிப் பாட்டில்களின் லேபிள்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யட்டும் ஐயா? (விவசாயி, ராயக்கோட்டை)

பதில்: உங்கள் மூன்று லேபிள்களையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பெரிய எழுத்தில் மூன்று வேறு பெயர்கள். கீழே பொடி எழுத்தில் இருக்கும் ரசாயனப் பெயரைப் படித்தால் இரண்டில் குளோரான்ட்ரானிலிப்ரோல், ஒன்றில் ஃபுளுபென்டியமைடு. இரண்டும் டையமைடு என்ற ஒரே குடும்பம். ஒரு மருந்து பூச்சியின் உடம்பில் எந்த இடத்தைத் தாக்குகிறது என்பதை வைத்து உலக அளவில் எண் கொடுத்துப் பிரித்திருக்கிறார்கள். இந்தக் குடும்பத்தின் எண் 28. ஆக, நீங்கள் கம்பெனியை மாற்றினீர்கள், மருந்து மாறவில்லை. உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பாட்டிலில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று பெரிதாகத் தெரியும் முக்கோணம் மனிதனுக்கு அது எவ்வளவு நஞ்சு என்பதை மட்டுமே சொல்கிறது. புழுவுக்குள் அது எங்கே போய் வேலை செய்கிறது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

மறுநாளே பஸ் ஏறி உங்கள் தோட்டத்துக்கு வந்தேன். அங்கே பார்த்ததை மற்ற வாசகர்களுக்காக எழுதுகிறேன். கோஸின் வெளியிலையைத் திருப்பினால் பட்டாணிப் பச்சை நிறத்தில், இரு முனையும் கூராக, அரை அங்குலம்கூட இல்லாத புழு. விரல் நுனி பட்டதும் பின்பக்கமாகத் துடித்து நகர்ந்து, இலை ஓரத்திலிருந்து மெல்லிய நூலில் இறங்கித் தொங்கியது. வைர முதுகு அந்துப்பூச்சியின் புழுவை அடையாளம் காண இந்த ஒரு செய்கை போதும். இலையின் ஒரு பக்கத் தோலை மட்டும் மிச்சம் வைத்துத் தின்றிருந்ததால், இலை முழுக்கச் சிறு சிறு கண்ணாடி ஜன்னல் பதித்ததுபோல இருந்தது. முப்பது புழுக்களை டிபன் டப்பாவில் எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில், மருந்தே படாத கோஸ் இலைகளை மூன்று பங்காகப் பிரித்தேன். ஒரு பங்கை வெறும் தண்ணீரில், ஒரு பங்கை உங்கள் டையமைடு மருந்து லேபிள் அளவில் கரைத்த நீரில், ஒரு பங்கை வேறு குடும்பத்து மருந்தான ஸ்பினோசாட் கரைத்த நீரில், கையுறை போட்டுக்கொண்டு பத்து நொடி முக்கி எடுத்தேன். நிழலில் கொடியில் மாட்டி உலர்த்தி, மூன்று பிளாஸ்டிக் கிண்ணங்களில் இட்டு, கிண்ணத்துக்குப் பத்துப் புழு விட்டேன். மூன்றாம் நாள் திறந்தபோது தண்ணீர்க் கிண்ணத்தில் பத்தும் உயிரோடு இருந்தன. ஸ்பினோசாட் கிண்ணத்தில் ஒன்றே ஒன்று நெளிந்தது. உங்கள் மருந்துக் கிண்ணத்தில் ஏழு புழுக்கள் இலையைச் சல்லடையாக்கிக்கொண்டிருந்தன. அவற்றில் இரண்டு கூடு கட்டவே தொடங்கிவிட்டன. முப்பது புழுவை வைத்து ஓர் ஊரை அளந்துவிட முடியாது. ஆனால் எட்டாவது முறையாக அதே மருந்துக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்ல இது போதும்.

இனி, ‘பழகிவிட்டது’ என்ற சொல்லுக்கு வருகிறேன். நம் மாவட்டங்களில் எந்த மருந்துக் கடை வாசலில் நின்றாலும் காதில் விழும் சொல் அது. அதை நம்புவதால்தான் அடுத்த தவறுகள் எல்லாம் நடக்கின்றன. காரம் தின்று தின்று நாக்கு பழகுவதுபோலப் புழு பழகுவதில்லை. மருந்து பட்டால் சாகும் அல்லது பிழைக்கும். பிழைத்த புழு, பிழைக்கிற உடம்போடுதான் முட்டையிலிருந்தே வந்தது. உங்கள் பாட்டி கேழ்வரகுக் களத்தில் என்ன செய்தார் என்று நினைத்துப் பாருங்கள். எல்லாக் கதிரையும் விதைக்கு வைக்க மாட்டார். விரல்கள் நன்றாக மடிந்து மணி நிறைந்த கதிராகப் பார்த்துப் பொறுக்கித் தனியே கட்டி வைப்பார். மருந்து டேங்கைத் தோளில் மாட்டும்போது நாமும் அதையே செய்கிறோம். சாகக்கூடிய புழுக்களை எல்லாம் கொன்றுவிட்டு, சாகாதவற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்குத் தாயும் தகப்பனுமாக விட்டுவைக்கிறோம். பாட்டிக்கு வருடத்துக்கு ஒரு விதைப்பு. இந்த அந்துப்பூச்சிக்கோ நம் வெயிலில் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுக் குளிரில் இன்னும் சில நாள் கூடும், அவ்வளவுதான்.

அந்தச் சாகாத உடம்பு எப்படி வருகிறது? புழுவின் தசைக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் மதகு ஒன்று இருக்கிறது. தசை சுருங்க வேண்டியபோது திறக்கும், உடனே மூடிக்கொள்ளும். டையமைடு மருந்து அந்த மதகில் போய் உட்கார்ந்து மூடவிடாமல் செய்கிறது. கால்சியம் கசிந்துகொண்டே இருக்க, தசை சுருங்கிப்போய், வாயை அசைக்க முடியாமல், தின்பதை நிறுத்திப் புழு சாகிறது. அந்த மதகு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களைக் கோத்த நீண்ட மாலை. பிலிப்பைன்ஸிலும் தாய்லாந்திலும் இந்த மருந்துகளுக்குச் சாகாத வைர முதுகு அந்துப்பூச்சிகளின் மரபணுவைப் படித்தவர்கள், அந்த மாலையில் 4946ஆம் இடத்தில் கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருப்பதை 2012இல் வெளியிட்டார்கள். ஐயாயிரம் மணியில் ஒரு மணி! ‘அரிசி’ என்று எழுதி, ரகரத்தின் மேல்விலங்கை மட்டும் எடுத்துவிட்டால் ‘அரசி’ ஆகிவிடுகிறது அல்லவா, அதுபோல மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் இது நடந்துவிடும். மதகு வழக்கம்போலத் திறந்து மூடும். மருந்துக்கு மட்டும் பிடி கிடைக்காது. உங்கள் தோட்டத்துப் புழுவில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று ஆய்வகத்தில்தான் சொல்ல முடியும். ஆனால் மாறிய மதகுக்கு முன்னால் எந்தக் கம்பெனியின் டையமைடும் ஒன்றுதான்.

இது இன்று நேற்று வந்த சங்கதியும் அல்ல. 1914இலேயே அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பழ மரங்களைத் தாக்கும் செதில் பூச்சி, சுண்ணாம்பு கந்தகக் கரைசலுக்குச் சாகவில்லை என்று மெலாண்டர் என்ற பூச்சியியலாளர் எழுதினார். டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939இல் பால் முல்லர் கண்டறிந்தார். 1948இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். அவர் பரிசு வாங்கும் முன்பே ஸ்வீடனில் வீட்டு ஈக்கள் அந்த மருந்தைத் தாங்கத் தொடங்கிவிட்டன. உங்கள் கோஸ் புழுவின் இனம் 1950களின் தொடக்கத்தில் ஜாவாத் தீவில் டி.டி.டி.யைத் தாங்கியது, 1960களில் பஞ்சாபின் லூதியானாவிலும் அதுவே நடந்தது. 1990இல் ஹவாய்த் தீவில், பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் பி.டி. தெளிப்பு மருந்துக்கே அது அசைந்துகொடுக்கவில்லை.

அளவைக் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டாதீர்கள். பணியில் சேர்ந்த புதிதில், அரூர்ப் பக்கத்துப் பருத்திக்காரர்களுக்கு நானே ‘இன்னும் கொஞ்சம் சேர்த்து அடியுங்கள்’ என்று சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு உறுத்துகிறது. ஒவ்வொரு புழுவுக்கும் ஒவ்வொரு மரபணுவிலும் இரண்டு நகல் உண்டு, தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று. நான் சொன்ன மதகு மாற்றம் ஒரு நகலில் மட்டும் இருந்தால், லேபிளில் போட்டிருக்கும் அளவே பெரும்பாலும் அந்தப் புழுவைக் கொன்றுவிடும். இரண்டு நகலிலும் இருந்தால், அளவை இரட்டித்தாலும் அது பிழைக்கும். அதிக மருந்தில் சாவது அந்தப் புழு அல்ல, அதைத் தின்னும் குளவிகள். உங்கள் தோட்டத்து இலையில் புழுவுக்குப் பக்கத்திலேயே வெள்ளை அரிசி போல ஒரு கூட்டைக் காட்டி, ‘இதுவும் புழுவின் முட்டையா?’ என்று கேட்டீர்களே, அது புழுவின் உடம்புக்குள் வளர்ந்து அதைக் கொன்றுவிட்டு வெளியே வந்த குளவியின் கூடு. ஒன்றரை ஏக்கரில் அப்படி ஒன்றைத்தான் பார்த்தேன்.

அளவைக் குறைத்து அடிப்பதும் தவறு; அப்போது ஒரு நகல் மாறிய புழுக்களும் பிழைத்துக்கொள்ளும்.

இந்தப் பயிருக்கு டையமைடை இத்தோடு விடுங்கள். ஸ்பினோசாட், இன்டாக்சாகார்ப், எமாமெக்டின் பென்சோயேட் மூன்றும் வெவ்வேறு எண். வெவ்வேறு இடத்தைத் தாக்குபவை. ஒரு தலைமுறைக்கு ஒரு குடும்பம் என்று வைத்துக்கொண்டு, அடுத்த தலைமுறைக்கு வேறு குடும்பத்துக்குப் போங்கள். அம்மாவைத் தாக்கிய மருந்து மகளையும் தாக்கக் கூடாது. இடையில் வேப்பங்கொட்டைச் சாறு ஐந்து சதவீதம் அடிக்கலாம். அடுத்த பட்டத்தில் இருபத்தைந்து வரிசைக் கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு போடுங்கள். பெங்களூரு ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் முறை இது. கோஸ் நடுவதற்குப் பதினைந்து நாள் முன்பு ஒரு வரிசை, நட்டு இருபத்தைந்து நாள் கழித்து ஒரு வரிசை. அந்துப்பூச்சி கோஸைவிடக் கடுகில் முட்டையிடவே விரும்பும். புழு அங்கே திரளும். அங்கே கவனித்தால் போதும். மருந்து வாங்கும் முன் ரசாயனப் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போய், பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் எது எந்தக் குடும்பம் என்று ஒரு முறை கேட்டு எழுதி வாங்கி, பம்ப் செட் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: தக்காளியில் காய்ப்புழுவுக்கு சைபர்மெத்ரின் அடித்தேன். கேட்கவில்லை. டெல்டாமெத்ரின் அடித்தேன். அதுவும் கேட்கவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு மருந்தையும் எப்படித் தாங்குகிறது? (விவசாயி, பாலக்கோடு)

பதில்: அவை இரண்டும், ஃபென்வாலரேட், லாம்டா சைஹாலோத்ரின் ஆகியவையும் பைரித்ராய்டு என்ற ஒரே வீட்டுப் பிள்ளைகள். நரம்பில் சோடியம் புகும் வாசலைத் திறந்தபடியே பிடித்து வைத்து, பூச்சியைத் துடிதுடிக்க வைத்துச் சாய்ப்பவை. அந்த வாசலின் 1014ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் பீனைல்அலனின் வந்தால் இந்தக் குடும்பத்தின் பிடி தளர்ந்துவிடும் என்று 1996இல் வீட்டு ஈயில் கண்டறிந்தார்கள். பிறகு கொசுவிலும் பல பயிர்ப் பூச்சிகளிலும் அதே மாற்றம் அகப்பட்டது.

ஆனால் உங்கள் காய்ப்புழுவிடம் இன்னொரு வித்தை உண்டு. என்னை மிகவும் வியக்க வைத்த சங்கதி இதுதான். மருந்தை உடைத்துச் செரிக்கும் நொதிகளை உருவாக்கும் இரண்டு மரபணுக்கள், அண்ணன் தம்பி வீடுகள்போல ஒட்டி ஒட்டி இருக்கின்றன. ஆண் அந்துப்பூச்சியில் விந்து உருவாகும்போது தாய் வழி இழையும் தந்தை வழி இழையும் அருகருகே படுத்துத் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். எப்போதோ ஒரு முறை அது இடம் பிசகி நடந்ததில், ஒரு மரபணுவின் முன்பாதியும் மற்றதன் பின்பாதியும் ஒட்டிப் புதிதாக ஒன்று பிறந்தது. அண்ணனாலும் முடியாத, தம்பியாலும் முடியாத ஒன்றை அந்தப் புதியவன் செய்கிறான்: ஃபென்வாலரேட்டைச் செரித்துவிடுகிறான். ஆஸ்திரேலியாவில் பிடித்த காய்ப்புழுக்களில் இதைக் கண்டு 2012இல் எழுதினார்கள். அந்த ஒரு மரபணு இருந்தாலே புழு நாற்பத்திரண்டு மடங்கு மருந்தைத் தாங்கும் என்று அளந்திருக்கிறார்கள்.

1987இல் ஆந்திரப் பருத்தியில் இந்தப் புழு பைரித்ராய்டுகளுக்கு அடங்காமல் போய்ப் பெரும் நாசம் நேர்ந்தது. அந்தக் குடும்பத்தை நம்பிப் பாலக்கோட்டுத் தக்காளியை இனியும் காப்பாற்ற முடியாது. பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி வையுங்கள். தக்காளி நாற்றைவிட வயது கூடிய செண்டுமல்லி நாற்றாக நட வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒன்றாகப் பூக்கும், அந்துப்பூச்சியும் மஞ்சள் பூவைத் தேடிப் போகும். நம் பக்கம் செண்டுமல்லி விற்க முடியாத பூவும் அல்லவே! காயில் ஊசி குத்தியதுபோலப் பொடித் துளை மட்டும் இருந்தால் அது காய்ப்புழு அல்ல, 2014இல் இந்தியாவுக்குள் வந்த ஊசிப்புழு. அதற்கு வேறு வைத்தியம். ஒரு காயை அறுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: பசுமைக்குடிலில் குடைமிளகாய். அசுவினி எந்த மருந்துக்கும் போவதில்லை. புழுவாவது முட்டையிட்டு வளர்ந்து வருகிறது. இது ஒரே வாரத்தில் எப்படி இப்படிப் பெருகுகிறது? (தளி)

பதில்: உங்கள் குடிலில் அது இணை சேர்வதே இல்லை. தாய் அசுவினி ஆணின் துணையின்றிக் குட்டிகளாக ஈனும். ஒவ்வொன்றும் தாயின் அச்சு. எனவே தாய்க்கு இருக்கும் தாங்கும் சக்தி மகளுக்குச் சிறிதும் குறையாமல் போகிறது.

குடைமிளகாயிலும் கோஸிலும் வரும் பச்சை அசுவினி, மரபணுவில் எழுத்தை மாற்றியதோடு நிற்கவில்லை. எஸ்டரேஸ் என்ற நொதியின் மரபணுவை ஜெராக்ஸ் எடுத்துவைத்துக்கொண்டது. சில அசுவினிகளில் எண்பது நகல்வரை எண்ணியிருக்கிறார்கள். அவற்றின் உடம்பில் உள்ள மொத்தப் புரதத்தில் நூறில் ஒரு பங்கு அந்த நொதியாகவே இருக்கும். ஆர்கனோபாஸ்பேட் மருந்து உள்ளே போனால் நரம்பை எட்டும் முன் இந்தப் பட்டாளம் பிடித்துக்கொள்ளும். அந்தக் குடும்பத்து டைமெத்தோயேட்டைப் பத்து நாளுக்கு ஒரு முறை அடித்து வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நகல் அதிகம் உள்ளவற்றைத்தான் இத்தனை நாளாகப் பொறுக்கி வளர்த்திருக்கிறீர்கள். அதை நிறுத்துங்கள். அதிகம் பிடித்த நுனிகளைக் கிள்ளிப் பையில் கட்டி வெளியே எடுத்துப் புதையுங்கள். குடிலுக்குள் பொறிவண்டு வந்தால் விரட்டாதீர்கள்.

கேள்வி: பி.டி. பருத்தி விதை வாங்கினால் காய்ப்புழு வராது என்றார்கள். இளஞ்சிவப்புக் காய்ப்புழு காய் காயாகத் துளைக்கிறது. விதை போலியா? (அரூர்)

பதில்: போலி என்று சொல்லிவிட முடியாது. புழுவின் குடல் சுவரில் கேடரின் என்ற புரதம் இருக்கிறது. பி.டி. பருத்திச் செடி தனக்குள் உண்டாக்கும் நஞ்சு அதைப் பற்றிக்கொண்டுதான் குடலைத் துளைக்கும். அந்தக் கேடரினின் மரபணு சிதைந்த புழுக்களில் நஞ்சுக்குப் பற்றுக்கோல் இல்லை. முதல் பி.டி. பருத்தி இந்தியாவுக்கு வந்தது 2002இல். குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதைத் தாங்கிவிட்டது என்று 2010இல் வெளியே தெரிந்தது. இரண்டு நஞ்சு சேர்த்த அடுத்த ரகமும் சில ஆண்டுகளில் அதே வழியில் போயிற்று.

விதைப் பெட்டிக்குள் 450 கிராம் பையோடு 120 கிராமில் ஒரு சிறு பையும் வைத்துத் தந்தார்களே, நினைவிருக்கிறதா? அது பி.டி. இல்லாத விதை. வயல் ஓரத்தில் சுற்றிலும் போடச் சொன்னார்கள். புழுவுக்கு எதற்குச் சோறு போடுவது என்று பலர் அதைத் தூக்கி எறிந்தார்கள். ஏன் போட வேண்டும் என்று நாங்களும் புரியும்படி சொல்லவில்லை. அந்த ஓரச் செடியில் நஞ்சு படாமல் வளரும் அந்துப்பூச்சிகள்தான், உள்ளே தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டோடு இணை சேர வேண்டியவை. அப்படிச் சேர்ந்தால் பிறக்கும் புழுவுக்கு ஒரு நகல் மட்டுமே சிதைந்திருக்கும். பருத்தி அதைக் கொன்றுவிடும். ஓரச் செடி இல்லாததால் தப்பியதும் தப்பியதும் சேர்ந்தன. இப்போதைக்கு இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். கடைசி எடுப்பு முடிந்ததும் பருத்தி மாரை, அதாவது காய்ந்த செடியை, நிற்க விடாமல் அகற்றுங்கள். கெட்ட காய்க்குள்தான் புழு அடுத்த பருவம்வரை உறங்கும்.

கேள்வி: தாங்கும் புழு தாங்கும் புழுவாகவே இருந்துவிடுமா? மருந்தை நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பாதா? (கல்லூரி மாணவி, தருமபுரி)

பதில்: திரும்புவதும் உண்டு. தாங்கும் சக்திக்குப் பூச்சி விலை கொடுக்கிறது என்றால் திரும்பும். மேலே சொன்ன அசுவினியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அசுவினியைப் பொறிவண்டோ குளவியோ பிடித்தால் அது ஒரு வாசனையை விடும். அபாயம் என்று மற்றவை இலையை விட்டு உதிர்ந்து ஓடும். மருந்தை நன்றாகத் தாங்கும் அசுவினிகள் இந்த வாசனைக்கு மந்தமாகவே அசைகின்றன. குளவிக்கு எளிதில் இரையாகின்றன. மருந்து இல்லாத தோட்டத்தில் அவை பின்தங்கிவிடும். சிலவற்றில் நகல்கள் அப்படியே இருக்க, வேலை மட்டும் நின்றுபோவதையும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மருந்து மீண்டும் வந்தால் அவை விரைவில் தலைதூக்கும். விலையே கொடுக்காத மாற்றங்களும் உண்டு. அவை ஊரில் தங்கிவிடும்.

நீங்கள் விலங்கியல் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ராயக்கோட்டையாருக்கு நான் செய்த கிண்ணச் சோதனையை உங்கள் ஊர்த் தோட்டங்களில் செய்து பாருங்களேன். தோட்டத்துக்கு முப்பது புழுவுக்குப் பதில் நூறு எடுங்கள். ஒரே அளவுப் புழுவாகப் பொறுக்குங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் மற்ற கிண்ணங்களில் செத்தது மருந்தாலா, சூட்டாலா என்று தெரியாது. மூடியில் குண்டூசியால் துளை போடுங்கள். துளை பெரிதானால் இந்தப் புழு நூல் விட்டு வெளியே வந்துவிடும்.